கோலமும் கூலியும்

திருமணப் பொன்விழாக் காணும் பெற்றோருக்குப் பிள்ளைகள் என்ன பரிசு அளிப்பர்? முப்பது ஆண்டுகளுக்கு முன் இக்கேள்விக்கு விடை எளிது. ஒரு வேன் அமர்த்தி, உற்றார் உறவினரோடு வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ அழைத்துச் சென்று, நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்து, திரும்பும் வழியில் ஒரு நல்ல உணவகத்தில் விருந்தளித்தால் பிள்ளைகளின் கடமை நிறைவெய்தும். இன்றோ சிங்கப்பூரிலும் துபாயிலும் பணியாற்றும் பிள்ளைகள் பெற்றோருக்குக் கடற்பயணச் சீட்டு எடுத்து அனுப்புகின்றனர். சிங்கப்பூரில் 2012-இல் திறக்கப்பட்ட மரினா பே கப்பல் முனையத்திலிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போய்த் திரும்பும் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் நம்மவர் சிலருக்கேனும் அறிமுகமாகிவிட்டன. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் ஒன்று பயணிகளோடு புறப்பட்டபோது, அதுவரை செய்தித்தாளில் படமாக மட்டுமே கண்டிருந்த ஒன்று நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது போலிருந்தது.

என் குருத்துவ வெள்ளிவிழா ஆண்டில், சிங்கப்பூரில் வாழும் என் தங்கையின் குடும்பத்தார் என்னையும் அத்தகைய கப்பலொன்றில் நான்கு இரவுகள் அழைத்துச் சென்றனர். அன்றுமுதல், கப்பலேறவிருக்கும் பங்கு மக்கள் சிலர் என்னிடம் ஆலோசனை கேட்டு வருவதுண்டு. அண்மையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் துணைவியாரோடு வந்திருந்தார். "சாமி, கப்பல்ல வேட்டி கட்டலாமா? கோட்டு தைக்கணும்னு பையன் சொல்றான்" என்றார் அவர். "சாப்பாடு, தங்கல் எல்லாம் டிக்கெட்டுலேயே அடக்கமாம். அப்புறம் எதுக்குச் சாமி தனியா டிப்ஸ் கேக்குறாங்க?" என்றார் அம்மையார்.

உடை, டிப்ஸ். முதன்முறை கடற்பயணம் மேற்கொள்வோர் எல்லாரையும் உறுத்துபவை இவ்விரண்டே. புயலையோ கடல் மயக்கத்தையோ பற்றி என்னிடம் கேட்டவர் குறைவு. பிறர் நடுவே நாம் எப்படித் தோன்றுவோம், நம்மிடமிருந்து என்ன எதிர்பார்ப்பர் என்னும் அச்சமே மிகுதி. அந்த அச்சத்தைப் போக்கச் சில செய்திகளைச் சொல்லத் தொடங்கி, இவ்விரு கேள்விகளுக்கும் அடியில் வேறொரு கேள்வி இருப்பதை நான் கண்டுகொண்டேன். அதனைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

விருந்தும் உடையும்

முதலில் உடை. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு மக்களை ஏற்றிச் சென்ற பழைய பெருங்கப்பல்களில், முதல் வகுப்புப் பயணி மாலை விருந்துக்கு உடை மாற்றாமல் வருவதில்லை. பயணத்தின் முதல் இரவும் கடைசி இரவும் மட்டும் விதிவிலக்கு. முதல் இரவில் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்பட்டிரா, கடைசி இரவில் அவை மீண்டும் கட்டப்பட்டிருக்கும். அதே கப்பலின் கீழ்த்தளத்தில், பிழைப்புத் தேடிப் புது நாடு சென்ற மூன்றாம் வகுப்பு மக்கள் உடுத்தியதையே உடுத்திக் கடலைக் கடந்தனர். உடை அன்று வகுப்புகளைப் பிரிக்கும் வேலியாக இருந்தது.

அந்த மரபின் எச்சம் இன்றும் உண்டு. கியூனார்ட் நிறுவனத்தின் 'குயீன் மேரி 2' 2004-இல் முதற்பயணம் தொடங்கியது. அதில் சவுதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவுகள் செல்வோர், சிறப்பு விருந்து இரவுகளில் கறுப்புக் கோட்டும் 'போ'வும் நீண்ட அங்கிகளும் அணிவர். மாறாக, நார்வீஜியன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் 'ஃப்ரீஸ்டைல்' என்னும் முறையைக் கொணர்ந்தது. குறித்த மேசை, குறித்த நேரம், கட்டாயச் சிறப்புடை ஆகிய மூன்றையும் அது தளர்த்திற்று. மற்ற நிறுவனங்கள் பலவும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் நிற்கின்றன. மூன்று, நான்கு இரவுப் பயணமாயின் ஒரு சிறப்பு விருந்து இரவும், ஏழு இரவுப் பயணமாயின் இரண்டும் இருப்பது பொதுவான வழக்கம். அவ்விரவிலும் கோட்டு அணிய விரும்பாதவர்க்கு, உடை விதியில்லாத பொது உணவுக்கூடம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஆகவே, கோட்டு இல்லையென்று பட்டினி கிடக்க நேராது.

மற்ற இரவுகளில் ஆடவர்க்கு நல்ல கால்சட்டையும் காலருள்ள சட்டையும் போதும். மகளிர்க்கு நம் சேலையோ சுடிதாரோ எவ்விடத்தும் பொருந்தும். நீச்சலுடையும் வெறுங்காலும் குளத்தருகே மட்டுமே தகும்; அக்கோலத்தில் உணவுக்கூடத்துள் நுழைதல் ஆகாது. உள்ளே குளிரூட்டி கடுமையாக இருக்குமாதலால் ஒரு சால்வை வேண்டும். ஈரத் தளத்தில் வழுக்காத காலணி வேண்டும். சில துறைமுகங்களில் கப்பல் கரையணையாது; சிறு படகில் இறங்கிச் செல்ல நேரும். காற்று வீசும் அந்தப் படிகளில் சேலை உடுத்தியோர் முந்தானையை ஊசியிட்டுக் கொள்வது நலம்.

இன்னும் ஒன்று. இஸ்திரிப் பெட்டியைக் கப்பலுக்குள் கொண்டுசெல்ல விடார். மெழுகுவர்த்தியும் ஊதுவத்தியும் அவ்வாறே. நடுக்கடலில் கப்பல் அஞ்சுவது தண்ணீரினும் தீயையே. ஆகவே பட்டுச்சேலையை மடிப்புக் கலையாமல் எடுத்துச் செல்லுங்கள். மாலைச் செபமாலையைத் திரி ஏற்றாமல் சொல்லுங்கள்.

கரையிறங்கும் ஊர்களுக்கும் விதிகள் உண்டு. பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரிபியன் நாடுகளில் படைவீரர் உடையைப் போன்ற பச்சைப் புள்ளித் துணியைப் பொதுமக்கள் அணிதல் சட்டப்படி குற்றம். சிறுவர் தொப்பிக்கும் அவ்விதி பொருந்தும். இத்தாலியில் சிவித்தவேக்கியாத் துறைமுகத்தில் இறங்கி உரோமைக்குச் செல்வோர், தோளும் முழங்காலும் மறையாத உடையில் புனித பேதுரு பேராலயத்துள் நுழைய இயலாது. கப்பலில் வசதியாயிருந்த அரைக்கால்சட்டையோடு அவ்வளவு தூரம் சென்று வாயிலில் நின்று திரும்புவோர் உண்டு.

ஆசிரியரின் வேட்டிக்கு வருவோம். உடை விதி என்பது நமக்கு ஒரு பழைய காயத்தைத் தொடும் சொல். 2014 ஜூலையில் சென்னையின் மன்றம் ஒன்றில் நூல் வெளியீட்டு விழாவுக்குச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், வேட்டி அணிந்திருந்தார் என்பதற்காக வாயிலிலேயே தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் அத்தகைய தடையை நீக்கிச் சட்டம் இயற்றியது. சொந்த மண்ணிலேயே இப்படியென்றால், அந்நியக் கப்பலில் எப்படியோ என்று ஆசிரியர் அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் உடை விதியில் மிகக் கண்டிப்பானதெனப் பெயர்பெற்ற கியூனார்ட் நிறுவனமே, சிறப்பு இரவுகளில் தேசிய உடையை ஏற்றுக்கொள்கிறது. மற்றக் கப்பல்களைப் பொறுத்தவரை, சீட்டு எடுக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நன்று. சரிகைக் கரை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் எந்த விருந்துக்கும் இழுக்கல்ல என்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

விதியை விட அதன் உட்பொருள் முக்கியம். மத்தேயு நற்செய்தியில் திருமண ஆடையின்றி விருந்துக்கு வந்த ஒருவனைப் பற்றிய உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தெருவிலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழையிடம் ஆடை எதிர்பார்ப்பது நியாயமா என்று மறைக்கல்வி வகுப்பில் சிறுவர் கேட்பதுண்டு. புனித அகுஸ்தீனார் தம் மறையுரையொன்றில், அந்தத் திருமண ஆடை கண்ணுக்குப் புலப்படும் துணியன்று, அன்பே அது என்று விளக்கினார். விருந்தளிப்பவரையும் உடனமர்வோரையும் மதிக்கும் உள்ளமே அவ்வாடை. அந்த உள்ளம் இருந்தால் கைத்தறிச் சேலையும் சிறப்புடை. அது இல்லாவிடில் வைர அட்டிகையும் வெறும் விளம்பரம். பொன் மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல இருக்கையும், அழுக்காடையோடு வருபவனுக்குக் காலடியும் காட்டிய சபையை யாக்கோபு தம் திருமுகத்தில் கடிந்துகொண்டதை நாம் அறிவோம். 'நான் யார் பார்' என்று சொல்ல ஒருவர் உடுத்தலாம். 'உம்மை மதிக்கிறேன்' என்று சொல்லவும் உடுத்தலாம். துணி ஒன்றாயிருந்தாலும் செய்கை வேறு.

எங்கள் கப்பலில் சிறப்பு விருந்து இரண்டாம் இரவில் வந்தது. நான் என் வெள்ளை அங்கியை அணிந்து சென்றேன். மின்தூக்கியருகே நின்றிருந்த வெளிநாட்டு மூதாட்டி ஒருவர், வெள்ளுடையைக் கண்டு என்னைக் கப்பல் அதிகாரி என்று எண்ணி, அரங்கம் எத்தளத்தில் உள்ளது என்று கேட்டார். வழி எனக்குத் தெரிந்திருந்ததால் அழைத்துச் சென்று விட்டேன். "உங்கள் கப்பலில் பணியாளர் எல்லாரும் மிக நல்லவர்கள்" என்று பாராட்டி விடைபெற்றார். அந்தப் பாராட்டு உரியவரிடம் சேர வேண்டியது. அவர்களை நான் அன்றிரவே சந்தித்தேன்.

நள்ளிரவுக்குப் பின் ஒரு திருப்பலி

எங்கள் மேசையில் பரிமாறிய பிலிப்பைன்ஸ் இளைஞர் என் அங்கியைப் பார்த்ததும் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். சிறிது தயங்கி, பணியாளருக்குத் திருப்பலி நிறைவேற்ற இயலுமா என்று கேட்டார். மேலதிகாரியின் இசைவு பெற்று, பயணிகள் கலைந்தபின், நள்ளிரவு கடந்து அரைமணிக்கு ஒரு சிறு கூடத்தை ஒழுங்கு செய்தனர். ஏறத்தாழ இருபது பேர் வந்தனர். சமையற்காரரின் வெள்ளை மேலுடை, துப்புரவுப் பணியாளரின் சாம்பல் சட்டை, மதுக்கூடப் பணியாளரின் கறுப்பு வெயிஸ்ட்கோட்டு என்று ஒவ்வொருவரும் தத்தம் பணியுடையிலேயே இருந்தனர். ஒவ்வொருவர் மார்பிலும் பெயரும் நாடும் எழுதிய சிறு பட்டை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, பெரு, இந்தியா. மூன்று மணி நேரத்துக்கு முன் பட்டும் கோட்டும் நிறைந்த மண்டபத்தில் அமர்ந்திருந்த எனக்கு, அந்த இரவின் சிறப்புடை இதுவே என்று தோன்றியது.

திருப்பலி முடிந்ததும் ஒருவர் தமிழில் பேசினார். நம் தென்கடற்கரை ஊரொன்றைச் சேர்ந்த இளைஞர். சலவைப் பிரிவில் வேலை. நீர்மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளத்தில், வெளிச்சம் நுழையாத கூடத்தில், நாள்தோறும் மலைபோல் வரும் துண்டுகளையும் விரிப்புகளையும் வெளுத்து மடிக்கும் பணி. எட்டு மாத ஒப்பந்தத்தில் ஐந்து மாதம் கழிந்திருந்தது. கடலைப் பார்க்கக் கிடைக்கிறதா என்று கேட்டேன். "எப்பவாவது, ஃபாதர். எங்க அப்பா கட்டுமரத்துல போனப்ப பார்த்த கடல்ல பாதிகூட நான் பார்க்கல" என்று சிரித்தார். பேச்சினிடையே டிப்ஸ் பற்றியும் வந்தது. "எங்க முகத்தை யாரும் பார்க்கிறதில்லை, ஃபாதர். ஆனா அந்தக் காசுல ஒரு பங்கு எங்க வரைக்கும் வருது. ஊர்ல தங்கச்சி நர்சிங் படிக்கிறா. ஃபீஸ் கட்டுற மாசத்துல அதுதான் கைகொடுக்குது."

கொடையா, கூலியா?

அம்மையாரின் கேள்விக்கு இங்கிருந்துதான் விடை தொடங்க வேண்டும். முற்காலத்தில் ஒவ்வொரு பயணிக்கும் குறித்த மேசையும் குறித்த பரிமாறுநரும் இருந்தனர். கடைசி இரவில் அறைக்கு வெள்ளை உறைகள் வரும். பயணி பணமிட்டுத் தம் கையாலேயே கொடுப்பார். பின்னர் விருப்பம்போல் எங்கும் உண்ணும் முறை பரவியபோது, இன்று பரிமாறியவரை நாளை காண முடியாதாயிற்று. எனவே நிறுவனங்கள் ஒரு நாள்தொகையைத் தாமாகவே பயணியின் கணக்கில் ஏற்றி, பணியாளரிடையே பகிரும் முறையைக் கொணர்ந்தன. இன்று பெரிய அமெரிக்க நிறுவனங்களில் இத்தொகை ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை. 18 டாலர் என்று கொண்டால், கணவனும் மனைவியும் நான்கு இரவுகளுக்கு 144 டாலர் செலுத்த வேண்டும். நம் பணத்தில் 12,000 ரூபாய்க்கு மேல். சிறுவர்க்கும் பெரும்பாலும் இத்தொகை உண்டு. மதுவகைகளுக்கும் வேறு சில சேவைகளுக்கும் 18 அல்லது 20 விழுக்காடு தனியே சேரும். அறைப் பணியாளர், பரிமாறுநர் ஆகியோரோடு, நாம் காணாத சமையற்கூட, சலவைப் பணியாளருக்கும் பல நிறுவனங்களில் இதில் பங்குண்டு.

'விருப்பத் தொகை' என்று இதற்குப் பெயர். பயணம் முடியுமுன் வரவேற்பு மேசைக்குச் சென்று குறைக்கவோ நீக்கவோ பல நிறுவனங்கள் இடமளிக்கின்றன. எங்கள் பயணத்தின் கடைசி மாலையில் அம்மேசை முன் நீண்ட வரிசை நின்றது. எனக்கு முன் நின்றவர் நம் நாட்டவர். வசதியுள்ள குடும்பத்தினர் என்பது தோற்றத்திலேயே தெரிந்தது. சேவையில் குறையேதும் சொல்லவில்லை. "கட்டாயமில்லை அல்லவா? எடுத்துவிடுங்கள்" என்றார். ஐந்து பேருக்கு நான்கு இரவுத் தொகை ஒரு விசைத்தட்டலில் மறைந்தது. மேசைக்குப் பின்னிருந்த இளம்பெண் புன்னகை மாறாமல் நன்றி கூறினார். அவருக்கும் அதில் பங்கிருந்திருக்கலாம்.

அவரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. பிச்சையையும் இனாமையும் நாம் கொடுத்துப் பழகியவர்கள். கொடுப்பது நம் பெருந்தன்மை, கொடாதிருப்பது நம் உரிமை என்பதே நம் எண்ணம். கோவில் வாசலில் அது உண்மையாக இருக்கலாம். கப்பலில் அது உண்மையன்று. இங்கு டிப்ஸ் என்பது ஊதியத்தின்மேல் வைத்த பூவன்று. ஊதியத்தின் ஒரு பகுதி.

இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப்பின், 1867-இல் நிறுவனம் தொடங்கிய ஜார்ஜ் புல்மன், இரவு இரயில்களின் படுக்கைப் பெட்டிகளில் பணியாற்ற, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை அமர்த்தினார். ஊதியம் மிகக் குறைவு. எஞ்சியதைப் பயணிகளின் கையிலிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும். கூலியின் சுமை முதலாளியின் தோளிலிருந்து பயணியின் விருப்பத்துக்கு இறங்கிய முறைகளுள் இது ஒன்று. அப்பணியாளர் 1925-இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கண்டனர். ஆனாலும் அம்முறை மறையவில்லை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தின்படி, டிப்ஸ் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது ஒரு காசும் ஏறவில்லை.

கப்பலுக்கோ அந்தச் சட்டமும் எட்டாது. அமெரிக்கத் துறைமுகத்தில் நாள்தோறும் நிற்கும் கப்பல் பகாமாசின் கொடியையோ பனாமாவின் கொடியையோ ஏந்தியிருக்கும். கொடி எந்நாட்டதோ சட்டமும் அந்நாட்டதே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டு 20-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் அதனை ஏற்றது. வேலைநேர வரம்பைக் கொண்டு கணக்கிடும் நாடுகளில், அதன்படி ஒரு பணியாளரை 24 மணி நேரத்தில் 14 மணிக்கு மேலும், வாரத்தில் 72 மணிக்கு மேலும் வேலை வாங்கலாகாது. நாம் வாரத்துக்கு 48 மணி என்று பழகியவர்கள். அங்கே 72 என்பது பாதுகாப்பின் எல்லை! 2024 ஜனவரியில் முதற்பயணம் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் 20 தளங்கள். அறைக்கு இருவராகக் கணக்கிட்டால் பயணிகள் 5,610 பேர். பணியாளர் 2,350 பேர். அத்தனை சிரிப்பும் ஒளியும் அந்த 2,350 பேரின் உழைப்பில் மிதக்கின்றன.

அவ்வுழைப்பின் விலையை உலகம் ஒருமுறை கண்டது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோகாமாத் துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் தனிமைப்படுத்தப்பட்டது. உள்ளே 3,711 பேர். அவர்களுள் 1,045 பேர் பணியாளர். கொரோனா தொற்றுக்கு அஞ்சிப் பயணிகள் அறைக்குள் இருக்கப் பணிக்கப்பட்டனர். பணியாளரோ ஒவ்வோர் அறை வாயிலுக்கும் மூன்று வேளையும் உணவு ஏந்திச் சென்றனர்; பின் தங்கள் பகிர்வு அறைகளுக்குத் திரும்பினர். அவர்களுள் 132 பேர் இந்தியர், தமிழரும் இருந்தனர். அக்கப்பலில் மொத்தம் 712 பேருக்குத் தொற்று கண்டது. கதவைத் திறந்து உணவுத் தட்டை எடுத்துக்கொண்ட கைகள், அதை வைத்துச் சென்ற கைகளுக்கு எவ்வளவு கடன்பட்டவை!

நியாயமான மறுப்பு ஒன்று எழும். "முதலாளி கொடுக்க வேண்டிய கூலியை நான் ஏன் கொடுக்க வேண்டும்?" கேள்வி சரியானதே. கூலி முழுவதையும் கட்டணத்திலேயே அடக்கிவிடுவதே நேர்மையான முறை. பிரிட்டனின் பி அண்ட் ஓ நிறுவனம் 2019 மே முதல் நாள்தொகையை நீக்கி, அதனைக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்தது. ரீஜென்ட், சில்வர்சீ, சீபோர்ன் போன்ற உயர்விலைக் கப்பல்களும் தனியே டிப்ஸ் கேட்பதில்லை. எல்லாரும் இவ்வழி வர வேண்டுமென்று கேட்போம், எழுதுவோம். ஆனால் முறையைக் கண்டிக்கிறேன் என்று சொல்லி வரவேற்பு மேசையில் தொகையை நீக்குபவர், முதலாளியின் பையைத் தொடுவதில்லை. அவர் தொடுவது அந்தச் சலவைக்காரத் தம்பியின் பையை.

இறையியல் வகுப்பில் எங்களுக்கு நீதிக்கும் பிறரன்புக்கும் உள்ள உறவைக் கற்பித்தனர். நீதியின்படி கொடுக்கக் கடமைப்பட்டதை அன்பின் கொடையாகக் காட்டலாகாது என்று, பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ஏடு தெளிவுறுத்துகிறது. அன்று எனக்கு அது தேர்வுக்குரிய ஒரு வாக்கியம். அதன் பொருளை ஒரு கப்பலின் கணக்குச் சீட்டில் கண்டேன். ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடச் சொல்லும் இணைச்சட்ட நூல், 'இரக்கப்பட்டுக் கொடு' என்று சொல்லவில்லை. கொடாவிடில் அது பாவமாகும் என்றே அது எச்சரிக்கிறது.

ஆகவே கப்பலேறுவோர்க்கு என் ஆலோசனை இது. சீட்டு எடுக்கும்போதே நாள்தொகை கட்டணத்தில் அடங்குமா, தனியா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தனியெனில் அதனையும் பயணச் செலவாகவே எண்ணி ஒதுக்கிவிடுங்கள். கடைசி நாள் கணக்கில் அது அதிர்ச்சியாக வராது. இயன்றவர்கள், தமக்குச் சிறப்பாக உதவிய ஒருவருக்குக் கைப்படக் கொஞ்சம் கொடுக்கலாம்; அதுவே உண்மையான அன்பளிப்பு. கப்பலுக்குள் வாங்குவதெல்லாம் அட்டைக் கணக்கில் ஏறுமாதலால், இதற்கெனச் சில சிறு தாள்களைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கரையில் அந்தந்த ஊர் வழக்கம் வேறு: அமெரிக்க உணவகத்தில் 15 முதல் 20 விழுக்காடு எதிர்பார்ப்பர், ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமில்லை, கொடுத்தால் திகைப்பர், சிங்கப்பூர் உணவகச் சீட்டில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். முதல் நாள் உங்கள் பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகலாம். மருந்தும் ஒரு மாற்றுடையும் கைப்பையில் இருக்கட்டும். கடைசி இரவில் பெட்டியை வெளியே வைக்கும்போது, மறுநாள் உடுத்த வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு உடையிலேயே கரையிறங்கியவர்களைப் பற்றிய கதைகள் எல்லாக் கப்பலிலும் உலவுகின்றன.

பணம் செலவாகாத ஒன்றும் உண்டு. அவர்கள் மார்பில் பெயர் எழுதியிருக்கிறது. படியுங்கள், பெயர் சொல்லி அழையுங்கள். 'ஏய்', 'வெயிட்டர்' என்னும் விளிகளை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். நல்ல சேவை செய்தவரின் பெயரைப் பயண முடிவில் தரும் கருத்துத் தாளில் எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கு அது அவருக்கு உதவும். 1920-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய கடலோடிகளுக்கான திருச்சபைப் பணி இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்' என்ற பெயரில் உலகத் துறைமுகங்களில் அவர்களை வரவேற்கிறது. ஜூலை இரண்டாம் ஞாயிறு அவர்களுக்காக மன்றாடும் நாள். நம் கடற்கரைப் பங்குகளில் அதை நினைவுகூர்வது மிகப் பொருத்தம். அங்குள்ள எத்தனையோ வீடுகளின் விளக்கு கடலில் உழைப்பவரால் எரிகிறது.

உடையைப் பற்றியும் டிப்ஸைப் பற்றியும் கேட்போரை நான் இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன்: "உங்களுக்குப் பணிவிடை செய்பவரை யாராகக் காணப்போகிறீர்கள்?" அவரை நம் வீட்டுப் பிள்ளையாகக் கண்டால், எதை உடுத்தி அவர் முன் அமர்வது, எவ்வளவு கொடுப்பது என்னும் இரண்டுக்கும் விடை தானே வந்துவிடும். ஆசிரியர் தம்பதியர் பயணம் முடிந்து திரும்பியதும் அலைபேசியில் அழைத்தனர். கடலைப் பற்றி ஆசிரியர் ஒரு நிமிடம் பேசினார். அதன்பின் அம்மையார் பேசியதெல்லாம் அவர்கள் அறையைத் துப்புரவு செய்த இந்தோனேசியப் பெண்ணைப் பற்றியே: அவளுடைய பெயர், ஊர், தாயிடம் விட்டுவந்திருக்கும் இரண்டு வயதுக் குழந்தை. "அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி எங்க கூட வந்தவங்க சொன்னாங்க, சாமி. எங்களுக்கு மனசு வரல" என்றார்.

அந்தப் பயணத்துக்கு அவர்கள் கொடுத்த விலையில் மிகச் சரியாகக் கொடுக்கப்பட்டது அதுவே என்று நான் நினைக்கிறேன்.